அப்பாவுக்கு டிக்கெட் போடாதீங்க

மூணு பேருக்கு ஃப்ளைட் டிக்கெட், சென்னையிலிருந்து புனேவுக்குப் போக வர. இறங்கினதும் வாசல்ல கார். நாலு ராத்திரிக்கு ஓட்டல், காலை டிபனோட. இதையெல்லாம் ஆபீஸ்ல லஞ்ச் டயத்துல போட்டு முடிக்க எனக்கு ஆனது 18 நிமிஷம். அதை ஒவ்வொண்ணா கேன்சல் பண்ணி, அவங்க பிடிச்சது போக மிச்சக் காசு கைக்கு வர 12 நாள் ஆச்சு. அந்த 12 நாள்ல எனக்கு உறைச்ச ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவும். ரிட்டயர் ஆன அப்பா அம்மா இருக்கற என் வயசுக்காரங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. திட்டணும்னா கடைசியில திட்டிக்கலாம் :-)

எங்க ஊர் செஞ்சி. அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்தவர். 1986-ல அவர் வேலைக்குச் சேரும்போது அது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். 1997-ல பேர் மாறி அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம்னு ஆச்சு. பேர் மாறினாலும் அப்பாவோட ரூட் பெருசா மாறலை. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எழுபது கிலோமீட்டர்கூட வராது. அதுலயே 32 வருஷம். 2018-ல 58 வயசு முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டார்.

ரிட்டயர் ஆனவங்களோட நாள் எப்படிப் போகும்னு நமக்கெல்லாம் ஒரு நினைப்பு இருக்கு இல்லையா... பேப்பர், டீ, தூக்கம், சீரியல், வாட்ஸப்ல குட்மார்னிங். பாவம், போரடிக்கும், ஏதாவது பண்ணணும்னு நாமளே முடிவு பண்ணிக்குவோம். நானும் அப்படித்தான் பண்ணேன். "சென்னைக்கு வந்துடுங்கப்பா"ன்னு கூப்பிட்டேன். வந்தார். பதினோராவது மாடியில நாலு நாள் இருந்தார். அஞ்சாவது நாள் காலைல செருப்பு மாட்டிக்கிட்டு நின்னார். "இங்க மழை பெய்யுதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குதுடா"ன்னார். அவ்வளவுதான், கெளம்பிட்டார்.

அவருக்கு மழை முக்கியம். செஞ்சியில ஐப்பசி மழையைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். ஊரைச் சுத்தி இருக்கறது மண்ணு மலை இல்ல, உருண்டை உருண்டையா பாறையை அடுக்கி வெச்ச மாதிரி மலை. வெயில் காலத்துல பழுப்பா, கண் கூசும். ரெண்டு நாள் மழை பிடிச்சா அத்தனை பாறையும் கறுத்துப் போய், இடுக்குல எல்லாம் வெள்ளையா தண்ணி கோடு கோடா இறங்கும். ராஜகிரி உச்சி மேகத்துல காணாமப் போயிடும். அப்பா திண்ணையில சேரைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டு அதைப் பார்த்துட்டிருப்பார். மணிக்கணக்கா.

காலைல நாலு மணிக்கு அலாரமே இல்லாம எந்திரிச்சிடுவார். நாலே முக்கால் டிரிப்புக்கு எந்திரிச்ச பழக்கம். ஏழு வருஷமாகியும் அந்த டிரிப் உடம்பை விட்டு எறங்கலை. மெயின் ரோட்டுல ஹாரன் கேட்டா "அண்ணாமலை வண்டி, அஞ்சு நிமிஷம் லேட்டு"ன்னு தனக்குத் தானே சொல்லிக்குவார். சாயங்காலம் மழை விட்டுச்சுன்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை. அங்க டிரைவர் மாமா வந்துடுவார். அப்பாகூட பதினொரு வருஷம் ஒரே வண்டியில ஓடினவர். ரெண்டு பேரும் டீயைக் கையில வெச்சுக்கிட்டு நுழையற வண்டியைப் பார்த்தே கலெக்‌ஷன் எவ்வளவு இருக்கும்னு பந்தயம் கட்டுவாங்க. ஜெயிச்சவருக்கு ஒரு மசால் வடை.

போரடிக்குதுன்னு அப்பா ஒரு நாளும் சொன்னதில்ல. சொன்னது நான்.

இப்ப கதைக்கு வர்றேன். 2025 ஜூலை 11-ஆம் தேதி பாரிஸ்ல நடந்த யுனெஸ்கோ கூட்டத்துல செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம்னு அந்தஸ்து கொடுத்தாங்க. தனியா இல்ல, 'மராத்தா ராணுவ நிலவமைப்பு'ங்கற பேர்ல மொத்தம் 12 கோட்டை. அதுல 11 மகாராஷ்டிராவுல. சால்ஹேர், சிவ்நேரி, லோகட், காந்தேரி, ராய்கட், ராஜ்கட், பிரதாப்கட், சுவர்ணதுர்க், பன்ஹாளா, விஜய்துர்க், சிந்துதுர்க். பன்னெண்டாவது எங்க ஊர். மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கறது இது ஒண்ணுதான். 1677-ல சிவாஜி பிடிச்சார்ங்கறதும், அதுக்கப்புறம் அவர் பையன் ராஜாராம் இங்க வந்து உட்கார்ந்து மராத்தா ராஜ்யத்தையே செஞ்சியிலேர்ந்து நடத்தினார்ங்கறதும்தான் காரணம்.

ஊருக்குள்ள பட்டாசு வெடிச்சாங்க. அப்பா பேப்பர்ல வந்ததைக் கத்தரிச்சு காலண்டர் பக்கத்துல ஒட்டினார். அப்புறம் ஒரு வாரம் கழிச்சு போன்ல, "அந்தப் பதினொண்ணுல ஒரு மூணையாவது போய்ப் பாத்துட்டு வரணும்டா"ன்னார். நானும் "போலாம்பா"ன்னேன். நாம எல்லாத்துக்கும் சொல்ற "போலாம்பா".

எனக்குத் தெரியாதது, அவர் அன்னிக்கே கெளம்ப ஆரம்பிச்சுட்டார்ங்கறது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்பதான் அந்த நோட்டைப் பார்த்தேன். நீளமான பழைய அக்கவுண்ட் நோட்டு. ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, டிரிப் ஷீட் மாதிரியே கட்டம் கட்டியிருக்கார். தடம், ஸ்டேஜ், நேரம், கட்டணம், குறிப்பு. முதல் தடம்: செஞ்சி - திருவண்ணாமலை, பஸ். அங்கேர்ந்து புதுச்சேரி - தாதர் சாளுக்யா எக்ஸ்பிரஸ். காட்பாடி, பெங்களூரு, ஹூப்ளி வழியா மீரஜ். மீரஜ்ல எறங்கி கோலாப்பூர், அங்கேர்ந்து பன்ஹாளா. அப்புறம் சாத்தாரா போய் பிரதாப்கட். அங்கேர்ந்து கொங்கணப் பக்கம் மகாட் எறங்கி ராய்கட். கடைசியில புனே, திரும்ப அதே ரயில்.

ஏன் இந்த மூணுன்னு குறிப்புல எழுதியிருக்கார். பன்ஹாளா: கோட்டைக்குள்ளயே ஊர் இருக்கு, வண்டி மேல வரைக்கும் போகும், முட்டிக்கு வேலை இல்ல. பிரதாப்கட்: பாதி மலை வரை ரோடு, மிச்சம் படி, மெதுவா ஏறலாம். ராய்கட்: படி ஆயிரத்துக்கும் மேல, ஆனா ரோப் கார் இருக்கு. சிந்துதுர்க் கடலுக்குள்ள இருக்கு, படகு, வேணாம். சால்ஹேர் ரொம்ப உசரம், அடுத்த ஜென்மம். ('அடுத்த ஜென்மம்'னே எழுதியிருக்கார்!)

எப்பப் போறதுங்கறதுக்கும் கணக்கு. மார்கழி, அதாவது ஜனவரி முதல் வாரம். சஹ்யாத்ரி மலையில மழைக் காலத்துல பாசி பிடிச்சு வழுக்கும், கோடையில வெயில் தாங்காது, குளிர்காலம்தான் சரி. இங்க ஐப்பசி கார்த்திகை மழையும் அதுக்குள்ள ஓய்ஞ்சிடும். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் போட்டுப் புரட்டினதை மனசுல வெச்சுக்கிட்டு, 'டிசம்பர் முதல் பாதி கூடாது'ன்னு சிவப்பு மையில அடிக்கோடு.

வாரத்துல மூணு நாள் காலைல கிருஷ்ணகிரி ஏறிப் பழகிக்கிட்டிருக்கார். (தெரியாதவங்களுக்கு: செஞ்சிக் கோட்டைங்கறது மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான்துர்க்கம். கிருஷ்ணகிரி ராஜகிரியை விட ஏற சுலபம்.) ஏறி எறங்கற நேரத்தையும் நோட்டுல எழுதியிருக்கார். ஆகஸ்ட்ல மூணு தடவை உட்கார்ந்து ஏறினவர், அக்டோபர்ல ஒரு தடவைதான் உட்கார்ந்திருக்கார்.

பீரோவுலேர்ந்து ஸ்வெட்டர் வெளிய வந்து கொடியில தொங்கிட்டிருந்தது. வீடு பூரா அந்துருண்டை வாசனை. பிரதாப்கட் மகாபலேஷ்வர் பக்கத்துல இருக்கு, குளிரும்னு விசாரிச்சு வெச்சிருக்கார். குரங்கு குல்லா ரெண்டு. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு டிரைவர் மாமாவுக்கு.

இதையெல்லாம் பார்த்துட்டு ஒரு நல்ல பையன் என்ன செய்யணும்? நான் என்ன செஞ்சேன்? சென்னை திரும்பின மூணாவது நாள் லஞ்ச் டயத்துல 18 நிமிஷம். அப்பா, அம்மா, நான். சர்ப்ரைஸ்.

போன்ல சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. நெட்வொர்க் போச்சோன்னு ஹலோ ஹலோன்னு கத்தினேன். அப்புறம் மெதுவா, "இன்னாத்துக்குடா நீ டிக்கெட் போட்ட?"ன்னார். கோவமா இல்ல. கோவமா கேட்டிருந்தா பரவாயில்ல.

அவர் போனை அம்மாகிட்ட கொடுத்துட்டார். அம்மா சொன்னாங்க: "அவரு போய்க்கினு இருக்காருடா ரெண்டு மாசமா. நீ இன்னாடான்னா பார்சல் கட்டி அனுப்பப் பாக்கற."

அப்புறம் அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. "எனக்கு ஏன் போட்ட? என்னைக் கேட்டியா? இங்க இல்லாத கல்லா அங்க இருக்கு? அவரு போற பத்து நாளு நான் போளூர்ல எங்க அக்கா வூட்ல இருக்கலாம்னு இருக்கேன். நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்ல தங்கி இருவது வருஷம் ஆவுது." இது எங்க யாருக்குமே தெரியாது. அப்பாவுக்கும் அன்னிக்குத்தான் தெரியும்னு நினைக்கிறேன்.

டிரைவர் மாமாவுக்கு நான் டிக்கெட் போடவே இல்லைங்கறதும் அப்பதான் எனக்கு உறைச்சது. குல்லாவைக் கண்ணால பார்த்துட்டு வந்தவன் நான்.

சரி, இனிமே என் கருத்து. பயணத்துக்குத் தயாராகறதுங்கறது பயணத்துக்கு முன்னாடி நடக்கற ஒரு தொந்தரவுன்னு நம்ம தலைமுறை நம்பிக்கிட்டிருக்கு. நாம எழுதற சாப்ட்வேர் பூராவும் அந்த நம்பிக்கை மேலதான் நிக்குது. ஒரு க்ளிக்கைக் குறைச்சா ப்ரமோஷன். நானும் அந்த வேலைதான் பார்க்கறேன், சும்மா நல்லவன் மாதிரி பேசலை. வருஷத்துக்கு 20 நாள் லீவு இருக்கறவனுக்கு அது சரி. எனக்கு நேரம் இல்ல, அதனால அந்த வேலையை மிஷினுக்குக் கொடுக்கறேன். ஆனா நேரம் இருக்கற மனுஷன்கிட்டேர்ந்து அந்த வேலையைப் பிடுங்கினா, அவருக்கு நாம என்ன கொடுத்தோம்? நாலு ராத்திரி. என்ன எடுத்துக்கிட்டோம்? ஆகஸ்ட்லேர்ந்து ஜனவரி வரைக்கும் அஞ்சு மாசம்.

2010-ல நெதர்லாந்துல 1,530 பேர்கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க. லீவுல ஊர் சுத்தப் போறவங்க போகாதவங்களை விட சந்தோஷமா இருக்காங்கதான், ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி. போயிட்டு வந்தப்புறம் பெரும்பாலானவங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லையாம். ஆய்வுக்கெல்லாம் போகவே வேணாம். தீபாவளியை விட தீபாவளிக்கு முந்தின வாரம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா...

கண்டக்டர் வேலைங்கறதை வெளியேர்ந்து பார்த்தா தெனமும் ஊர் சுத்தற வேலை. ஆனா போற ரூட்டும் கெளம்பற நேரமும் நிக்கற ஸ்டாப்பும் மத்தவங்க எழுதினது. அவர் செஞ்சது ஸ்டேஜ் குளோஸ் பண்ணது, கலெக்‌ஷன் கட்டினது. கார்த்திகை தீபத்துக்கு தமிழ்நாடே திருவண்ணாமலைக்குப் போகுது. அந்தக் கூட்டத்துல பாதி எங்க ஊர் வழியாத்தான் போகும். அத்தனை வருஷமும் அப்பாவுக்கு அன்னிக்கு ஸ்பெஷல் டூட்டி. வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையும்போது மலை மேல வெளிச்சத்தைப் பார்த்திருக்கார், அவ்வளவுதான். எறங்கி நின்னு கும்பிட்டதில்ல. மேல்மலையனூர் அமாவாசையும் அதே கதை. மத்தவங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு, காலி வண்டியில திரும்பி வந்து அடுத்த லோடு ஏத்தறது. அந்த ஆள் 65 வயசுல மொத மொதல்ல தானே ஒரு ரூட் போடறார். அதுல போய் நான் ஸ்டேஜ் மாத்தறேன்.

அவர் போட்ட ரூட்டுல ஒரு அழகு இருக்கு, எனக்கு அது லேட்டாத்தான் புரிஞ்சது. 1689-ல சம்பாஜியைக் கொன்னப்புறம் அவுரங்கசீப் படை துரத்த, ராஜாராம் ராய்கட்லேர்ந்து தப்பிச்சு, பிரதாப்கட் வழியா பன்ஹாளா போய், அங்கேர்ந்து யாத்திரை போறவங்க மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு கொஞ்ச ஆட்களோட தெற்க வந்து, வேலூர் வழியா செஞ்சிக்குள்ள நுழைஞ்சார். அந்த வருஷமே ராய்கட் மொகலாயர் கைக்குப் போயிடுச்சு. செஞ்சியைப் பிடிக்க ஜுல்பிகார் கான் முற்றுகை போட்டு உட்கார்ந்தது 1690-லேர்ந்து 1698 வரைக்கும். கோட்டை விழுந்தப்ப ராஜாராம் தப்பிச்சு மகாராஷ்டிரா போயிட்டார். இந்தப் பன்ஹாளா, பிரதாப்கட், ராய்கட் வரிசை எதுக்குன்னு கேட்டதுக்கு அப்பா சொன்னது: "அவன் அங்கேர்ந்து உசுரக் கையில புடிச்சிக்கினு இங்க வந்தான். சிங்கிள் அடிச்சிட்டான். நாங்க ரிட்டர்ன் டிரிப் அடிக்கிறோம்."

என் 18 நிமிஷத்துல இது எங்க இருக்கு? புனேல எறங்கி, ராய்கட் ஒரு நாள், பிரதாப்கட் ஒரு நாள், ஷாப்பிங் ஒரு நாள். பன்ஹாளா லிஸ்ட்லயே இல்ல. 'ரூட்டுக்கு ஒத்து வரலை'ன்னு நான் தூக்கிட்டேன். எந்த ரூட்டுக்கு?

நம்ம பக்கத்து நியாயமும் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. அப்பாவுக்கு 2022-ல ஒரு ஸ்டென்ட் வெச்சிருக்கு. பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை. பாஷை தெரியாத ஊர்ல ரெண்டு பெரியவங்க பஸ்ஸுல தொங்கிக்கிட்டு மலை ஏறறாங்கன்னு நினைச்சா எனக்கு வயித்தைக் கலக்குது. நான் ஃப்ளைட் போட்டதுல பாதி பாசம், பாதி பயம். நேர்மையா சொன்னா இன்னொரு பாதியும் உண்டு (கணக்கு உதைக்குது, தெரியும்): கடமையை ஒரே தடவையில முடிச்சுட்டு ஆபீஸ் ஆணியைப் பார்க்கலாம்ங்கற அவசரம். ஆனா பயத்துக்கு மருந்து டாக்டர்கிட்ட கேட்கறதுதான். கேட்டார், என்கிட்ட சொல்லாம தானே போய். கிருஷ்ணகிரி ஏறற நோட்டையும் எடுத்துட்டுப் போய் காட்டியிருக்கார். "இப்படியே மெதுவா ஏறுங்க, மூச்சு வாங்கினா உட்காருங்க, மாத்திரையை மறக்காதீங்க, ரோப் கார் இருக்கற இடத்துல வீரம் வேணாம்"னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுவும் குறிப்புல இருக்கு.

நம்ம வயசுக்காரங்க அப்பா அம்மாவுக்குன்னு போடற பயணங்களைப் பாருங்க. ஒண்ணு காசி பேக்கேஜ். அரசாங்கமும் அதையேதான் யோசிக்குது, அறநிலையத்துறை 60 வயசுக்கு மேல 70 வரைக்கும் உள்ளவங்களை இலவசமா ராமேஸ்வரம் - காசி கூட்டிட்டுப் போகுது. போக ஆசைப்படறவங்களுக்கு நல்ல திட்டம், குறை சொல்லலை. இன்னொண்ணு அமெரிக்கா, ஆறு மாசம், பேரன் பேத்திக்கு டயப்பர் மாத்த. ஒண்ணு சாமி, இல்லன்னா ஆயா வேலை. வயசானவங்களுக்கு சும்மா ஒரு எடத்தைப் பார்க்கணும்னு ஆசை இருக்கும்னு யாருக்கும் தோண மாட்டேங்குது.

ரயில்வேக்கும் தோணலை போல. 2020 மார்ச் வரைக்கும் 60 வயசு ஆன ஆம்பளைங்களுக்கு 40 சதவீதம், 58 வயசு ஆன பொம்பளைங்களுக்கு 50 சதவீதம் டிக்கெட்ல சலுகை இருந்தது. கொரோனா வந்தப்ப அவசியமில்லாம யாரும் பயணம் பண்ணக்கூடாதுன்னு நிறுத்தினாங்க. கொரோனா போச்சு, ரயில் எல்லாம் ஓடுது, சலுகை திரும்பி வரலை. எல்லாப் பயணிக்கும் ஏற்கனவே சராசரியா 46 சதவீதம் மானியம் கொடுக்கறோம்னு பார்லிமென்ட்ல பதில் சொன்னாங்க. எனக்கும் 46, எங்கப்பாவுக்கும் 46. பென்ஷன்ல ஓடற வீட்டுல அந்த 40 சதவீதம்தான் போலாமா வேணாமாங்கறதை முடிவு பண்ணும்ங்கறது அவங்களுக்குத் தெரியாதா என்ன. மிச்சம் இருக்கறது கீழ் பெர்த் கோட்டா. அதுலயும் ஒரு சூட்சுமம். பெரியவங்க தனியாவோ, ரெண்டு பேர் மட்டுமோ ஒரே டிக்கெட்ல போனாத்தான் அந்தக் கோட்டா. கூட என்னை மாதிரி சின்னவன் ஒருத்தன் சேர்ந்தா போச்சு. இதை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதாவது, நான் துணைக்குப் போனா அவருக்கு மேல் பெர்த் கிடைக்கற வாய்ப்புதான் ஜாஸ்தி!

இன்னொரு வயித்தெரிச்சல். திண்டிவனத்துலேர்ந்து செஞ்சி வழியா திருவண்ணாமலைக்கு சுமார் 70 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு 2006-07-ல அனுமதி கொடுத்தாங்க. நான் அப்ப நாலாங்கிளாஸ். "உன் காலேஜுக்கு நீ செஞ்சியிலயே ரயில் ஏறுவ"ன்னு அப்பா சொன்னது ஞாபகம் இருக்கு. காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போய், ரெண்டு கம்பெனியும் மாறிட்டேன். உலகப் பாரம்பரியச் சின்னம் வந்துடுச்சு, ரயில் வரலை. சாளுக்யா எக்ஸ்பிரஸ் எங்க ஊரை விட்டு ஒதுங்கி விழுப்புரம், திருவண்ணாமலைன்னு சுத்திக்கிட்டுப் போகுது. அப்பாவுக்கு இதுல பெரிய வருத்தம் இல்ல. "ரயில் வந்தா பஸ்ஸுக்குக் கலெக்‌ஷன் போயிடும்"ங்கறார். ரிட்டயர் ஆனாலும் டிபார்ட்மென்ட் விசுவாசம்!

சரி, கேன்சல் பண்ணினப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

முன்பதிவு 2024 நவம்பர்லேர்ந்து 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, அதுக்கு முன்ன 120 நாள். அதனால ஜனவரி முதல் வாரத்துக்கு நவம்பர் முதல் வாரம். ரெண்டு பேரும் முந்தின நாளே ஃபாரத்தை நிரப்பி வெச்சுட்டு, விடியக் காலைல மழையில பஸ் ஏறிப் போய் திருவண்ணாமலை ஸ்டேஷன் கவுன்ட்டர்ல நின்னிருக்காங்க. ஆன்லைன்ல போட்டா அதே பெர்த் கிடைக்கும்பான்னு சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கிட்டேன். ரெண்டும் கீழ் பெர்த். எதிர் எதிரே. டிக்கெட்டைக் கையில வாங்கினதும் அப்பா அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாராம். "அச்சு சரியில்ல"ன்னு டிரைவர் மாமாகிட்ட சொன்னாராம். வர்ற வழியில ரெண்டு பேரும் மசால் வடை சாப்பிட்டிருக்காங்க, பந்தயம் இல்லாமலே.

எனக்கும் வேலை கொடுத்திருக்கார். நோட்டுல கடைசிப் பக்கத்துல என் பேர் போட்டு ஒரு கட்டம். ஒண்ணு, கோலாப்பூர்லயும் சாத்தாராவுலயும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தங்கற லாட்ஜ் நாலு நாலு பார்த்து நம்பர் மட்டும் கொடுக்கணும், பேசறது அவர். ரெண்டு, அவர் மருந்துச் சீட்டை இங்கிலீஷ்ல அடிச்சு ரெண்டு காப்பி, ஒண்ணு மாமா பையில இருக்கும். மூணு, தெனமும் ராத்திரி எட்டு மணிக்கு அவர் கூப்பிடுவார், நான் நடுவுல கூப்பிடக் கூடாது. இது கொஞ்சம் கஷ்டம்தான், முயற்சி பண்றேன்.

அம்மா போளூர் போறதுக்கு இப்பவே பையை எடுத்து வெச்சாச்சு. தேதி இன்னும் ஒரு மாசத்துக்கும் மேல இருக்கு.

நாலாவது வேலை போன வாரம் ஊருக்குப் போனப்ப நேர்ல கொடுத்தார். கார்த்திகை பொறந்து மழை விட்டுவிட்டு பெய்யுது. திண்ணையில உட்கார்ந்திருந்தோம். மகாராஷ்டிரா பஸ்ஸுல கண்டக்டருங்க எப்படி டிக்கெட் போடறாங்கன்னு பார்க்கணும்னு அவருக்கு ரொம்ப ஆசை. கோட்டையை விட அதுதான் முக்கியமோன்னுகூட எனக்கு சந்தேகம். ஒவ்வொரு வண்டியிலயும் ஏறினதும் தானும் கண்டக்டர்னு சொல்லிக்கணுமாம். அதுக்கு மராத்தியில ஒரு வார்த்தை. அப்புறம் ஒரு முக்கியமான வாக்கியம், "சில்லறை இல்ல."

போன்ல தேடிப் பார்த்துச் சொன்னேன். "சுட்டே பைசே நாஹீத்."

"இன்னா?"

"சுட்டே பைசே. சில்லறைக் காசுக்கு அவங்க அப்படித்தான்பா சொல்வாங்க."

அப்பா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்ல. அம்மா உள்ளேர்ந்து என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாங்க. "சுட்ட பைசாவாண்டா! முப்பத்திரெண்டு வருஷம் தோல் பையில ஒரு பைசா சுட்டதில்ல... அங்க போய் வாயைத் தொறந்தாலே அதான் சொல்லணுமா?"

நோட்டை எடுத்து, குறிப்பு கட்டத்துல, கண்ணைத் துடைச்சுக்கிட்டே எழுதினார். எழுதிட்டு மாமாவுக்கு போன் போட்டார்.